ஒரே 5டபிள்யூ-30, உள்ளே இரண்டு ஆயில்: டர்போ காருக்கு எதை ஊற்றுவது?

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் போன மாதம் தங்கை வீட்டுக்காரரின் காரை லிஃப்டில் ஏற்றினேன். மாப்பிள்ளை தனியார் வாடகை கார் ஓட்டுகிறார். ஐரோப்பிய கார், 1.4 லிட்டர் டர்போ, இன்னொருவரிடமிருந்து கைமாற்றி வாங்கியது. டிரெய்ன் போல்ட்டைக் கழற்றியதுமே ஆயில் விழுந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சூடான ஆயில் வேகமாகத்தான் இறங்கும், ஆனால் இது ரசம் மாதிரி தெளித்துக்கொண்டு இறங்கியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டை வைத்துப் பிரித்தேன், இழை நிற்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை. கழற்றுவதற்கு முன்பே டிப்ஸ்டிக்கில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்ததைப் பார்த்திருந்தேன். 9,000 கிலோமீட்டர் ஓடிய ஆயில் கொஞ்சம் குறைந்திருந்தால் இயல்பு. கூடியிருந்தால் வேறு ஏதோ உள்ளே கலக்கிறது என்று பொருள்.

"டப்பாவுல 5டபிள்யூ-30னுதான் போட்டிருந்துச்சு மச்சான். கார் புக்குலயும் அதேதான் இருக்கு. அப்புறம் எப்படி?" என்றார்.

நியாயமான கேள்வி. ஒரு சிறு போத்தலில் பழைய ஆயிலைப் பிடித்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். 30-ஆம் கிரேடாக உள்ளே போனது 20-ஆம் கிரேடு எண்களோடு வெளியே வந்திருக்கிறது என்று அறிக்கை சொன்னது, அதாவது மெலிந்துவிட்டது. இத்தனைக்கும் அது போலி ஆயில் இல்லை, நல்ல நிறுவனத்தின் டப்பாதான். கார் புக் கேட்ட எண்ணும் டப்பாவில் இருந்த எண்ணும் ஒன்றுதான். ஆனால் அந்த எண்ணுக்குள் குணத்தில் வேறுபட்ட இரண்டு ஆயில்கள் அடங்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கடைகளில் எழுத்தைப் பார்த்து வாங்கிப்போகும் எல்லாருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த ஊரில் இது சின்ன விஷயமும் இல்லை. 2023 அக்டோபரில் பெரிய கார்ப் பிரிவின் சிஓஇ, அதாவது பத்து ஆண்டுக்குக் கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ், 150,001 வெள்ளியைத் தொட்டது, சிறிய கார்ப் பிரிவு 106,000 வெள்ளி. இவ்வளவு விலைகொடுத்தவர்கள் பத்து ஆண்டும் ஓட்டத்தான் நினைப்பார்கள். பலர் அதற்கு மேலும் ஐந்தோ பத்தோ ஆண்டுக்குச் சிஓஇயைப் புதுப்பிக்கிறார்கள். அந்தப் பதினைந்தாவது வருடத்தில் எஞ்சின் எப்படி இருக்கும் என்பதில் இன்று ஊற்றும் ஆயிலுக்குப் பெரும்பங்கு இருக்கிறது.

டர்போவுக்குள் என்ன நடக்கிறது

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 200,000 சுற்றுக்கு மேலும் சுழலும். தண்டின் ஒரு பக்கம் பெட்ரோல் எஞ்சினின் புகை, 900 டிகிரியைத் தாண்டும் சூட்டில். நடுவில் பேரிங்கைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். தண்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் வைத்திருப்பது அந்தப் படலத்தின் கெட்டித்தன்மை. அது மெலிந்தால் தண்டு ஆட ஆரம்பிக்கும், சீல் போகும், புகைக்குழாயில் நீலப் புகை வரும்.

ஆயிலை மெலியவைக்கும் காரணங்கள் மூன்று. மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால்தான் குழப்பம்.

முதலாவது பாலிமர் அறுபடுவது. 5டபிள்யூ-30 என்பது குளிரில் 5டபிள்யூ அளவுக்கு இளகியும் சூட்டில் 30 அளவுக்குக் கெட்டியாகவும் இருக்க வேண்டிய ஆயில். அதற்காக மெல்லிய அடிப்படை ஆயிலில் நீண்ட சங்கிலிகளாலான பாலிமரைக் கலக்கிறார்கள். சூடானதும் அந்தச் சங்கிலி விரிந்து ஆயிலைக் கெட்டியாக வைத்திருக்கும். நம் சமையலறையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. பருப்பு நிறையப் போட்டுக் கெட்டியான சாம்பார் ஒன்று, கொஞ்சம் பருப்போடு அரிசிமாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கிய சாம்பார் இன்னொன்று. கரண்டியில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பருப்புதான் அடிப்படை ஆயில், மாவுதான் பாலிமர். டைமிங் செயின், ஆயில் பம்ப், டர்போ பேரிங் எல்லாம் சேர்ந்து அரைக்கும்போது அந்தப் பாலிமர் துண்டு துண்டாகும். மாவை நம்பிய சாம்பார் முதலில் நீர்த்துப்போகும். அறுந்த சங்கிலி மறுபடி ஒட்டாது.

இரண்டாவது தற்காலிக மெலிவு. பேரிங்கின் குறுகிய இடைவெளியில் ஆயில் நசுங்கி ஓடும்போது அந்தச் சங்கிலிகள் ஓட்டத்தின் திசையில் படுத்துவிடும். அந்த நொடியில் ஆயில் மெலியும், வெளியே வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். இதை அளப்பதுதான் எச்டிஎச்எஸ் என்ற எண். 150 டிகிரி சூட்டில், விநாடிக்குப் பத்து லட்சம் என்ற வெட்டு வேகத்தில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்று பார்ப்பார்கள். எஞ்சின் உண்மையில் உணரும் கெட்டித்தன்மை இதுதான். டப்பாவின் முன்பக்கத்தில் இந்த எண்ணை அச்சிட்டு நான் பார்த்ததில்லை.

மூன்றாவது பெட்ரோல் கலப்பது. இன்றைய டர்போ எஞ்சின்கள் பெரும்பாலும் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுபவை. அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரை நனைத்து, ரிங்குகளைக் கடந்து கீழே ஆயிலில் சேரும். ஆயில் நன்றாகச் சூடேறி நீண்ட தூரம் ஓடினால் இதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். தெம்பனிஸ் வீட்டிலிருந்து பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சந்தைக்குப் போய், திரும்பி வந்து நிறுத்தும் காரில் அது ஆவியாக நேரமே கிடைக்காது. குளிர்நாட்டோடு ஒப்பிட்டால் நம் வெயில் இதில் நமக்கு உதவுகிறது, எஞ்சின் சீக்கிரம் சூடாகிவிடும். ஆனாலும் குறுகிய ஓட்டமும் நீண்ட ஐட்லிங்கும் அந்த நன்மையைத் தின்றுவிடுகின்றன.

இவற்றுக்கு எதிர்த்திசையில் நான்காவது ஒன்று இருக்கிறது. சூட்டில் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து பழசாகிக் கெட்டியாகும். அதனால்தான் பழைய ஆயிலின் அறிக்கையில் 100 டிகிரி பாகுத்தன்மை (கெட்டித்தன்மை) மட்டும் "சரியாக" இருக்கிறது என்று பார்த்து நிம்மதியடையக் கூடாது. பெட்ரோல் ஒரு பக்கம் மெலியவைத்திருக்கும், ஆக்சிஜனேற்றம் மறுபக்கம் கெட்டியாக்கியிருக்கும், இரண்டும் கழிந்து எண் அழகாக நிற்கும். பெட்ரோல் சதவீதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமை.

டபிள்யூவுக்கு இங்கே வேலை இல்லை

டபிள்யூ என்பது வின்டர், அதாவது குளிர்காலம். 0டபிள்யூ ஆயிலின் குளிர்த் தொடக்கத்தை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூவை மைனஸ் 30-லும், 10டபிள்யூவை மைனஸ் 25-லும் சோதிக்கிறார்கள். சிங்கப்பூரில் மழை கொட்டும் டிசம்பர் இரவில் 22, 23 டிகிரி வந்தாலே நாம் போர்வை தேடுகிறோம். ஆக முன் எண்ணுக்காக இங்கே கூடுதல் காசு கொடுப்பதில் குளிர் சார்ந்த பலன் எதுவும் இல்லை.

அப்படியானால் முன் எண்ணுக்கும் பின் எண்ணுக்கும் இடைவெளி குறைந்த 10டபிள்யூ-30தானே சிறந்தது, பாலிமர் குறைவாகத்தானே வேண்டும்? ஏட்டளவில் சரி. நடைமுறையில் ஐரோப்பியக் கார் நிறுவனங்களின் அங்கீகாரம் பெற்ற முழு சிந்தெட்டிக் 10டபிள்யூ-30 கடைகளில் கிடைப்பது மிகவும் அரிது. அந்த அங்கீகாரங்கள் 0டபிள்யூ, 5டபிள்யூ ஆயில்களைச் சுற்றியே எழுதப்பட்டவை. இன்னொன்றும் உண்டு. நல்ல 0டபிள்யூ ஆயில் பலவற்றில் பிஏஓ போன்ற உயர்ந்த அடிப்படை ஆயில் இருக்கும். அது பாலிமரை அதிகம் நம்பாமலேயே குளிரையும் சூட்டையும் தாங்கும். அதனால் "இடைவெளி பெரிது, ஆகவே மோசம்" என்ற கணக்கு டப்பாவுக்கு டப்பா மாறும். நான் முன் எண்ணை ஒதுக்கிவிட்டுப் பின் எண்ணையும் எச்டிஎச்எஸ்ஸையும் பார்க்கிறேன்.

இப்போது டப்பாக்களை வரிசையாக வைப்போம்

0டபிள்யூ-20. புதிய ஜப்பானிய, கொரிய டர்போக்களும், ஐரோப்பியப் புதுக் கார்கள் பலவும் இதைக் கேட்கின்றன. ஃபோக்ஸ்வாகனின் 508 00, பிஎம்டபிள்யூவின் லாங்லைஃப்-17 எஃப்இ பிளஸ், மெர்சிடிஸின் 229.71 ஆகிய அங்கீகாரங்கள் இந்த வகை. எச்டிஎச்எஸ் 2.6 முதல் 2.9 வரை. எரிபொருள் கொஞ்சம் மிச்சமாகும். இந்த எஞ்சின்களின் பேரிங்கும் ஆயில் பம்ப்பும் இதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை, ஆகவே "20 என்றால் தண்ணீர், எஞ்சின் போய்விடும்" என்ற பேச்சோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பெட்ரோல் கலந்தால் இழப்பதற்கு இதனிடம் கையிருப்பு குறைவு. மாற்றும் இடைவெளியைச் சுருக்கினால்தான் நான் இதற்குச் சம்மதிப்பேன். ஒரு எச்சரிக்கை: 508 00 ஆயிலைப் பழைய 502, 504 எஞ்சினில் ஊற்றக் கூடாது. பின்னோக்கிப் பொருந்தாது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. தவறாமல் அடையாளம் தெரியவே அந்த ஆயிலுக்குப் பச்சை நிறம் கொடுத்திருக்கிறார்கள்.

மெல்லிய 5டபிள்யூ-30. மாப்பிள்ளையின் காரில் இருந்தது இதுதான். ஏபிஐ எஸ்பி, ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-6ஏ என்ற தர முத்திரைகளோடு வரும் ஜப்பானிய, அமெரிக்க பாணி ஆயில்கள் பெரும்பாலும் இந்த வகை. ஏசிஇஏ என்ற ஐரோப்பியத் தரத்தில் ஏ5/பி5 வகை ஆயில்களும் இங்கேதான் வரும். 100 டிகிரியில் சுமார் 10 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அளவு), எச்டிஎச்எஸ் 3.0-ஐ ஒட்டி.

தடித்த 5டபிள்யூ-30. ஏசிஇஏ சி3, ஃபோக்ஸ்வாகன் 504 00, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04, மெர்சிடிஸ் 229.51 போன்ற அங்கீகாரங்களோடு வருவது. 100 டிகிரியில் சுமார் 12, எச்டிஎச்எஸ் 3.5-க்குக் குறையாது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ விதிப்படி 30-ஆம் கிரேடு என்றால் 100 டிகிரியில் 9.3-இலிருந்து 12.5-க்குள் எங்கேயும் இருக்கலாம். 10.2-இல் தொடங்கும் மெல்லிய ஆயில் 9 சதவீதம் மெலிந்தாலே 30-ஐ விட்டு 20-க்குள் விழுந்துவிடும். 12-இல் தொடங்கும் தடித்த ஆயில் 22 சதவீதம் மெலிந்தால்தான் அதே கோட்டைத் தொடும். டப்பாவில் இரண்டிலும் அச்சிட்டிருப்பது 5டபிள்யூ-30தான்! இரண்டரை மடங்கு கையிருப்பு அந்த எழுத்துக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

"ஆனா டப்பாவுல ஸ்டே-இன்-கிரேடுனு போட்டிருக்கே, கிரேடை விட்டு இறங்காதுனுதானே அர்த்தம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சோதனையில் புது ஆயிலை ஒரு டீசல் இன்ஜெக்டர் வழியாக அதிக அழுத்தத்தில் 30 முறை செலுத்திப் பிறகு பாகுத்தன்மையை அளக்கிறார்கள். பாலிமர் எவ்வளவு உறுதி என்று அது காட்டும், மதிக்க வேண்டிய சோதனைதான். ஆனால் அங்கே பெட்ரோல் கிடையாது. ஜோகூர் கடற்பாலத்தில் ஏர்கானைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் ஊர்ந்த எஞ்சினும் கிடையாது. டர்போ காரில் நான் பார்த்தவரை, ஆயிலை அதிகம் மெலியவைப்பது பாலிமர் அறுபடுவதைவிட பெட்ரோல்தான். அதனால் முத்திரையை மட்டும் நம்ப முடியாது, கையிருப்பு வேண்டும்.

5டபிள்யூ-40. இங்கே ஒர்க்‌ஷாப்களில் பலருக்குப் பிடித்த டப்பா. பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-01, மெர்சிடிஸ் 229.5, போர்ஷே ஏ40, ஃபோக்ஸ்வாகன் 502 00 என்று வரும். 100 டிகிரியில் 13.5, 14 சென்டிஸ்டோக்ஸ், எச்டிஎச்எஸ் 3.5-க்கு மேல், பல ஆயில்களில் 3.7-ஐ ஒட்டி. இதில் பாலிமர் அதிகம் இருக்க வாய்ப்புண்டு, அதனால் சதவீதக் கணக்கில் 30-ஐவிட அதிகம் மெலியலாம். 14-இல் தொடங்கி 12.5-க்குக் கீழே வந்தாலே "கிரேடை விட்டு விழுந்தது" என்று அறிக்கை சிவப்பில் காட்டும். அதைப் பார்த்துப் பதறவேண்டாம். 12.2-க்கு வந்து நிற்கும் 40 என்பது இன்னும் நல்ல தடித்த 30. மெல்லிய 30 மெலிந்து 9-க்கு வந்தால்தான் கவலை. கிரேடில் நிற்கிறதா என்பதைவிட எங்கே வந்து நிற்கிறது என்று கேட்பதுதான் எஞ்சினுக்கு உதவும்.

ஆனால் 5டபிள்யூ-40ஐ எல்லா டர்போ காருக்கும் நான் சொல்லமாட்டேன். காரணங்கள் இரண்டு. சிங்கப்பூரில் 2017 செப்டம்பரிலிருந்து பெட்ரோல் கார்களுக்கு யூரோ 6 விதி. அதற்குப் பின் வந்த பல ஐரோப்பிய டர்போ கார்களின் புகைக்குழாயில் துகள் வடிகட்டி இருக்கிறது. ஏசிஇஏவின் ஏ3/பி4 வகை 40-களில் சாம்பல் தரும் சேர்மானங்கள் அதிகம், அவை அந்த வடிகட்டியை அடைத்துவிடும். வடிகட்டி உள்ள காருக்கு சி3 வகையே வேண்டும், 40-இலும் சி3 கிடைக்கிறது. இரண்டாவது காரணம் எல்எஸ்பிஐ. குறைந்த சுற்றில் அதிகச் சுமையோடு இழுக்கும்போது ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் நிகழ்வு. நேரடிப் பீய்ச்சல் டர்போக்களின் தனி நோய் இது. ஆயிலில் கால்சியம் அதிகமிருந்தால் இது கூடும் என்று கண்டுபிடித்தபின் கலவையையே மாற்றினார்கள். 2018 மே மாதம் எஸ்என் பிளஸ், 2020 மே மாதம் எஸ்பி, 2025 மார்ச் இறுதியில் எஸ்க்யூ என்று ஏபிஐ தரம் முன்னேறியது இதையும் சேர்த்துத்தான். பழைய எஸ்எம், எஸ்என் தரத்தோடு மலிவாகக் கிடைக்கும் 40-ஐ எடுத்து டர்போவில் ஊற்றினால், பாகுத்தன்மையைக் காப்பாற்றி பிஸ்டனைப் பணயம் வைப்பதாகும். டப்பாவின் பின்னால் எஸ்பி அல்லது அதற்குப் பிந்தைய தரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

10டபிள்யூ-40 செமி சிந்தெட்டிக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டர்போவின் சூட்டில் சீக்கிரம் ஆவியாகும், சீக்கிரம் கரியாகும். டர்போவுக்குப் போகும் மெல்லிய ஆயில் குழாயைக் கழற்றி உள்ளே கறுப்புப் படிவு சரளைக்கல் மாதிரி உதிர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மிச்சமாகும் ஐம்பது வெள்ளி அந்தக் குழாய்க்குக்கூடக் காணாது. 10டபிள்யூ-60 போன்ற பந்தய ஆயில், அதைக் கையேடு கேட்கும் ஒருசில எஞ்சின்களுக்கு மட்டும். சாதாரண 1.4 டர்போவுக்குத் தேவையே இல்லை.

டப்பாவைத் திருப்பிப் படிக்கும்போது

"ஃபுல்லி சிந்தெட்டிக்" என்ற பெரிய எழுத்தை நான் முடிவுக்கு எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவில் 1999-இல் இரண்டு பெரிய ஆயில் நிறுவனங்களுக்கிடையே நடந்த விளம்பர வழக்காட்டத்துக்குப் பிறகு, கச்சா எண்ணெயிலிருந்து ஹைட்ரஜனால் கடுமையாகச் சுத்திகரித்த குரூப் 3 ஆயிலையும் சிந்தெட்டிக் என்று அழைக்கலாம் என்றாகிவிட்டது. குரூப் 3 மட்டமில்லை. சி3 அங்கீகாரம் பெற்ற நல்ல ஆயில்கள் நிறைய அதில்தான் செய்யப்படுகின்றன. ஆனால் அந்தச் சொல் தரத்தைப் பிரித்துக்காட்டாது.

பிரித்துக்காட்டுவது நிறுவனத்தின் இணையத்தளத்தில் கிடைக்கும் தொழில்நுட்பத் தாள். அதில் நான் பார்ப்பது மூன்று. முதலில் எச்டிஎச்எஸ். பிறகு 100 டிகிரி பாகுத்தன்மை. பிறகு நோவாக், அதாவது 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்ற எண். ஏபிஐ 15 சதவீதம் வரை அனுமதிக்கிறது, ஏசிஇஏ ஏ3/பி4, சி3 இரண்டும் 13 வரை. 10-க்குக் கீழே இருந்தால் எனக்கு மகிழ்ச்சி, டர்போவின் சூட்டில் குறைவாகத்தான் காணாமல்போகும்.

சொற்களையும் கவனிக்க வேண்டும். "எம்பி 229.51 அப்ரூவல்" என்றால் கார் நிறுவனம் சோதித்து ஒப்புக்கொண்டது. "229.51 தேவைகளுக்குப் பொருந்தும்", "பரிந்துரைக்கப்படுகிறது" என்றால் ஆயில் விற்பவர் தானே சொல்லிக்கொள்வது. உத்தரவாதம் இன்னும் முடியாத காருக்கு இது முக்கியம். போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டதால் 2017 இறுதியிலிருந்து, வெளி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை ரத்துசெய்யும் நிபந்தனையை இங்குள்ள பெரிய கார் விற்பனையாளர்கள் நீக்கினார்கள். ஆனால் பழுது அந்த சர்வீஸால் வந்தது என்று காட்டினால் கதை வேறு. ஊற்றிய ஆயிலின் பெயர், கிரேடு, அங்கீகார எண் மூன்றும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். "எஞ்சின் ஆயில் 4 லிட்டர்" என்று மட்டும் எழுதிய ரசீது நாளை உங்களுக்குக் கைகொடுக்காது.

கிலோமீட்டரைவிட மணி நேரம்

எந்த டப்பா என்பதில் பாதி முடிவுதான் இருக்கிறது, எத்தனை நாளில் இறக்குகிறோம் என்பதில் மறுபாதி. மாப்பிள்ளையின் கார் டிஸ்ப்ளேயில் சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர் என்று காட்டியது. அவர் ஓடிய 9,000-ஐ 24-ஆல் வகுத்தால் 375 மணி நேரம். அதே 375 மணி நேரம் மலேசிய நெடுஞ்சாலையில் சராசரி 75-இல் போயிருந்தால் 28,000 கிலோமீட்டர் தாண்டியிருக்கும். ஐரோப்பாவில் நீண்ட சாலைகளுக்கென்று எழுதிய 15,000, 20,000 கிலோமீட்டர் இடைவெளியைச் சாங்கி விமான நிலைய வரிசையில் காத்துக்கிடக்கும் காருக்குப் பொருத்துவது எஞ்சினுக்குச் செய்யும் அநியாயம். உங்கள் காரிலும் அந்தச் சராசரி வேகத்தைப் பாருங்கள். 250 மணி நேரத்தை நான் எல்லையாக வைக்கிறேன். இது நான் பார்த்த ஆயில்களிலிருந்து வந்த என் சொந்த அளவு, எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. சராசரி 28 என்றால் அது 7,000 கிலோமீட்டர். நன்றாக ஓடும் 40 சராசரி என்றால் 10,000.

ஆகவே என் தேர்வு இப்படி. கையேடு 504 00, லாங்லைஃப்-04, 229.51 என்று கேட்டால் யோசனையே வேண்டாம், தடித்த 5டபிள்யூ-30. கையேடு வெறும் 5டபிள்யூ-30, ஏபிஐ எஸ்பி என்று மட்டும் கேட்கும் ஜப்பானிய, கொரிய டர்போவுக்கு, எஸ்பியும் சி3யும் இரண்டும் உள்ள ஆயிலை எடுப்பேன். சில சமயம் பத்து, பதினைந்து வெள்ளி கூடும், அந்தக் கூடுதல் கையிருப்புக்கு அது நியாயமான விலை. கையேடு 0டபிள்யூ-20 மட்டும் என்று சொன்னால் 0டபிள்யூ-20தான், ஆனால் ஐந்தாறாயிரத்தில் மாற்றிவிட வேண்டும். பல கையேடுகள் சூடான நாடுகளுக்கு 5டபிள்யூ-30-ஐயும் பட்டியலில் கொடுத்திருக்கும். அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துப் படித்துவிட்டு, உத்தரவாதம் முடிந்த பின் 30-க்கு மாறலாம். சிஓஇ புதுப்பித்த, ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய, கையேட்டில் 40-க்கு இடமுள்ள, துகள் வடிகட்டி இல்லாத ஐரோப்பியக் கார், அதுவும் வார இறுதியில் மலாக்கா, பினாங்கு என்று போகும் கார் என்றால் எஸ்பி தரத்து 5டபிள்யூ-40.

ஆயிலைக் கெட்டியாக்கும் என்று தனி டின்னில் விற்கும் கலவைகளை ஊற்றவேண்டாம். அவற்றில் பல வெறும் பாலிமர்தான், அதே அரிசிமாவு.

மாப்பிள்ளையின் காருக்கு வருகிறேன். கெட்டியான ஆயிலை ஊற்றி அனுப்பியிருந்தால் மட்டும் வேலை முடிந்திருக்காது, பெட்ரோல் ஏன் அவ்வளவு சேர்ந்தது என்று தெரியவேண்டும். ஸ்கேனரை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். 90-ஐத் தாண்ட வேண்டிய கூலன்ட் சூடு 70-ஐ ஒட்டியே நின்றது, பான் தீவு விரைவுச்சாலையில் பத்து நிமிடம் ஓடினால் இன்னும் இறங்கியது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. நம் ஊர் வெயிலில் எஞ்சின் அதிகம் சூடானால்தான் எல்லாரும் கவனிப்பார்கள், சூடு போதாமல் ஓடுவதை யாரும் பார்ப்பதில்லை. எஞ்சின் சூடேறாததால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. ஆயிலும் சூடேறாததால் அந்தப் பெட்ரோல் ஆவியாகவில்லை. தெர்மோஸ்டாட்டை மாற்றினோம். 504 00 அப்ரூவல் உள்ள 5டபிள்யூ-30-ஐ அவர் கண் முன்னால் டப்பா திறந்து ஊற்றினேன். மட்டத்தை மேல்கோட்டில் வைக்காமல் நடுவுக்குச் சற்று மேலே வைத்தேன், ஏறினால் தெரியட்டும் என்று. அடுத்து 6,000-இல் வரச் சொன்னேன், 24 சராசரிக்கு அதுதான் 250 மணி நேரம்.

நேற்று ராத்திரி வீட்டுக்கு வந்திருந்தார், 2,800 ஓடியிருக்கிறது. கீழே கார் நிறுத்துமிடத்தில் கைப்பேசி வெளிச்சத்தில் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். மட்டம் வைத்த இடத்திலேயே இருந்தது. வாடை இல்லை. விரலில் வைத்துப் பிரித்தபோது மெல்லிய இழை ஒன்று நீண்டு, கொஞ்சம் நின்று, பிறகுதான் அறுந்தது.